கொத்தவரங்காயும் டெக்சாஸ் எண்ணெய்க் கிணறும்

சென்ற இதழில், அமெரிக்க எண்ணெய் வயல்களில் சிமென்டிங் என்ஜினீயராக 17 வருஷம் வேலை பார்த்த அனுபவத்தை எழுதியிருந்தேன். கிணற்றில் இறக்கிய இரும்புக் குழாய்க்கும் அதைச் சுற்றியுள்ள பாறைக்கும் நடுவே சிமென்ட் கரைசலை அனுப்பி இறுக்குவது என் வேலை. எதிர்பார்த்ததைவிடக் கடிதங்கள் அதிகம் வந்துவிட்டன. ஏறக்குறைய எல்லோருமே ஷேல் எண்ணெய், ஷேல் எரிவாயு பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கி நிற்கும் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஷேல் எண்ணெய் என்பது வேறு எண்ணெயா ஐயா?
_ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு_

எண்ணெய் அதேதான். இருக்கும் இடம்தான் வேறு. ஏரி என்பது எங்கேயுமே கிடையாது, பழைய கிணறுகளிலும் கிடையாது. பாறையின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில்தான் எண்ணெய் ஒளிந்திருக்கிறது.

கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் கடலடியில் சேறு படிந்தது. அதோடு பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து புதைந்தன. மேலே மேலே மண் ஏற ஏற, சூட்டிலும் அழுத்தத்திலும் அவை எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறின. சேறு இறுகிக் களிப்பாறை ஆனது. அந்தக் களிப்பாறைதான் ஷேல். அதிலிருந்து கொஞ்சம் எண்ணெய் கசிந்து மேலேறி மணற்பாறையில் தங்கியது. நூறு வருஷத்துக்கும் மேலாக உலகம் எடுத்தது பெரும்பாலும் அந்தக் கசிந்த பங்கைத்தான். தாய்ப் பாறையிலேயே தங்கிவிட்ட மிச்சத்தை யாரும் பெரிதாகத் தொடவில்லை.

ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் தானாகச் சுரக்கும். மணற்பாறைக் கிணறு அப்படி. சுட்ட செங்கல்லைத் தொட்டியில் ஊறப்போட்டு, எடுத்து நடுவில் ஒரு துளை போட்டுப் பாருங்கள். செங்கல் முழுக்கத் தண்ணீர் இருக்கும், துளையில் ஒரு சொட்டும் சேராது. ஷேல் அப்படி. இதற்கு வழி, செங்கல்லுக்குள் ஆயிரம் விரிசல் விட வைப்பதுதான்.

அதனால் இரண்டு மூன்று கிலோமீட்டர் கீழே துளைத்துப் போய், அங்கே மெதுவாக வளைத்து, பாறைக்குள்ளேயே படுக்கைவாட்டில் மேலும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் துளைக்கிறார்கள். குழாய் இறக்கி, சிமென்ட் போட்டு, குழாயில் சின்னச் சின்ன வெடிகளால் ஓட்டை போடுகிறார்கள். பிறகு தண்ணீரும் மணலும் கொஞ்சம் ரசாயனமும் கலந்து பயங்கரமான அழுத்தத்தில் உள்ளே தள்ள, பாறை விரிசல் விடுகிறது. இதைத்தான் ஃபிராக்கிங் என்கிறோம். மணல் எதற்கு என்றால், பம்ப்பை நிறுத்தியதும் விரிசல் மூடிக்கொள்ளப் பார்க்கும். கதவிடுக்கில் கல்லை வைப்பது போல, மணல் உள்ளே நின்று மூடவிடாமல் தடுக்கும்.

இதை யார் கண்டுபிடித்தது? திடீரென்று அமெரிக்காவுக்கு மட்டும் எப்படி இந்த அதிர்ஷ்டம்?
_கல்லூரி மாணவி, திருநெல்வேலி_

அதிர்ஷ்டம் இல்லை அம்மா, பிடிவாதம். ஃபிராக்கிங் பழைய வித்தைதான். 1947-லேயே கன்சாஸ் மாநிலத்தில் பரிசோதித்துப் பார்த்துவிட்டார்கள். படுக்கைவாட்டில் துளைப்பதும் பிறகு கைவந்தது. இவற்றை ஷேலில் பலிக்க வைத்ததுதான் புதுசு. அந்தப் பெருமையில் பெரும்பங்கு ஜார்ஜ் மிட்செல் என்பவருக்கு.

அவர் அப்பா கிரேக்க நாட்டிலிருந்து பிழைக்க வந்த ஆடு மேய்ப்பவர். ரயில்பாதை வேலையில் சேர்ந்தபோது, அவருடைய நீளமான பெயரைச் சம்பளப் பட்டியலில் எழுத முடியாமல் 'மிட்செல்' என்று மாற்றிவிட்டார்களாம். மகன் 1919-இல் டெக்சாஸின் கால்வெஸ்டனில் பிறந்தார், என்ஜினீயரிங் படித்தார், எரிவாயு கம்பெனி நடத்தினார். சிகாகோவுக்கு வாயு தருவதாக ஒப்பந்தம் இருந்தது. கையிருப்புக் கிணறுகள் வற்றத் தொடங்கின. அப்போதுதான் ஃபோர்ட் வொர்த் நகருக்கு அருகே பார்னெட் என்ற ஷேல் அடுக்கில் 1981-இல் முதல் கிணற்றைப் போட்டார். வயது 62.

பதினாறு வருஷம் பணம் போய்க்கொண்டே இருந்தது. வாயு வரும், ஆனால் செலவுக்குக் கட்டாது. கெட்டியான ஜெல்லை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள், அது விலை அதிகம். கம்பெனிக்குள்ளேயே நிறுத்திவிடச் சொன்னவர்கள் உண்டு. 1997-இல் நிக் ஸ்டைன்ஸ்பெர்கர் என்ற இளம் என்ஜினீயர், ஒரு கிணற்றில் ஜெல் சரியாகக் கெட்டிப்படாமல் தண்ணீராகவே இறங்கியும் வாயு நன்றாக வந்ததைக் கவனித்தார். அப்படியென்றால் ஜெல்லே வேண்டாமே என்று, வெறும் தண்ணீர், மணல், வழுவழுப்புக்குச் சிறிது ரசாயனம் என்று மாற்றிப் பார்த்தார். 1998-இல் ஒரு கிணறு அருமையாகப் பலித்தது. செலவும் வெகுவாகக் குறைந்தது. மிட்செலுக்கு அப்போது 79 வயது. 2002-இல் டெவன் எனர்ஜி அவருடைய கம்பெனியை வாங்கி, படுக்கைவாட்டுத் துளையையும் இதோடு சேர்த்தது. அப்புறம்தான் வெள்ளம்.

2003-இல் நான் ஃபோர்ட் வொர்த் போய் இறங்கியபோது, நகரத்துக்குள்ளேயே, பள்ளிக்கூடத்துக்கும் தேவாலயத்துக்கும் பக்கத்தில் எல்லாம் ரிக், அதாவது கிணறு துளைக்கும் கோபுர இயந்திரம், நின்றது. ஒரு தனி மனிதர் 17 வருஷம் விடாமல் நம்பியதால் எழுந்த ரிக்குகள் இவை என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

அரசாங்கத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஷேல் ஆராய்ச்சிக்கு அமெரிக்க எரிசக்தித் துறை பணம் கொடுத்தது, 1980-இலிருந்து வரிச்சலுகையும் இருந்தது. இன்னொன்று நமக்கு விசித்திரமாகத் தெரியும்: அங்கே நிலத்தடிக் கனிமம் தனியாருக்குச் சொந்தமாக இருக்கலாம். நம் நாட்டில் கீழே எண்ணெய் இருந்தால் அது அரசுக்கு. அங்கே ஒரு விவசாயி தன் நிலத்தடி உரிமையைக் குத்தகைக்கு விட்டால், கிடைப்பதில் எட்டில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரை மாதாமாதம் காசோலையாக வரும். அதனால் பக்கத்து நிலக்காரரும் 'என் நிலத்திலும் போடுங்கள்' என்றே கேட்டார்.

எங்கள் ஊர்க் கொத்தவரங்காய் எண்ணெய்க் கிணற்றுக்குப் போகிறது என்கிறார் என் மாமா. நிஜமா?
_இல்லத்தரசி, விருதுநகர்_

நிஜம்தான். ஆனால் பெரும்பாலும் ராஜஸ்தானிலிருந்து. கொத்தவரை விதையை உடைத்து அரைத்தால் வரும் மாவு தண்ணீரில் கரைந்ததும் கூழாகிவிடும். ஐஸ்கிரீமிலும் சேர்ப்பார்கள். அந்தக் கூழ் மணலைத் தூக்கிக்கொண்டு விரிசலுக்குள் போகும். வாயுக் கிணற்றுக்கு வெறும் தண்ணீர் போதும் என்றேன் அல்லவா? எண்ணெய் வாயுவைவிடக் கெட்டி, அதற்கு விரிசல் அகலமாக வேண்டும், மணல் நிறைய உள்ளே போக வேண்டும். 2008-க்குப் பிறகு நார்த் டகோட்டாவின் பக்கன், தெற்கு டெக்சாஸின் ஈகிள் ஃபோர்டு என்ற ஷேல் அடுக்குகளில் எண்ணெய்க் கிணறுகள் பெருகியபோது கொத்தவரைக்குக் கிராக்கி வந்துவிட்டது. 2012 மார்ச்சில் குவிண்டால் விதை 30,000 ரூபாயை நெருங்க, பின்னால் தரப்போகும் சரக்குக்கு முன்கூட்டியே விலை பேசும் முன்பேர வணிகத்தையே நிறுத்தி வைத்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேலாகியது திரும்பத் திறக்க. நல்ல விலை பார்த்து அடுத்த வருஷம் கூடுதலாக விதைத்தவர்கள் விலை இறங்கியதும் தவித்துப் போனார்கள்.

விலை எகிறிய அந்த 2012-இல் நார்த் டகோட்டாவின் வில்லிஸ்டன் பக்கம், மைனஸ் 30 டிகிரி குளிரில் ஒரு கிணற்றடியில் நின்றிருந்தேன். அடுக்கி வைத்த மூட்டைகளில் 'இந்தியத் தயாரிப்பு' என்று அச்சிட்டிருந்தது. கையுறையைக் கழற்றி ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தேன். அம்மா மொட்டைமாடியில் காயவைக்கும் கொத்தவரை வற்றல் ஞாபகம் வந்து, அன்றைக்கு ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன்.

அமெரிக்காவில் எண்ணெய் இவ்வளவு பெருகியும் நம்மூரில் பெட்ரோல் விலை ஏன் இறங்கவில்லை?
_ஆட்டோ ஓட்டுநர், சேலம்_

உலகச் சந்தையில் இறங்கியது. உங்களிடம் வந்து சேரவில்லை.

2008-இல் அமெரிக்கா ஒரு நாளைக்கு 50 லட்சம் பீப்பாய் எடுத்தது. 2014-இல் 88 லட்சம். 2014 ஜூனில் பீப்பாய் 115 டாலர் இருந்தது. நவம்பர் 27 அன்று எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் கூடி, நாங்கள் உற்பத்தியைக் குறைக்கப் போவதில்லை என்றது. 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. அதே காலத்தில், 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் நடுவே, நம் மத்திய அரசு உற்பத்தி வரியை ஒன்பது முறை ஏற்றியது. பெட்ரோலுக்கு லிட்டருக்கு 11 ரூபாய் 77 காசு, டீசலுக்கு 13 ரூபாய் 47 காசு. சாலை போடவும் பற்றாக்குறையைக் குறைக்கவும் அந்தப் பணம் உதவியது என்பார்கள். இருக்கலாம். ஆனால் நாள் முழுக்க ஓட்டி நானூறு ரூபாய் மிச்சம் பார்ப்பவருக்கு அதில் பாதியாவது இறங்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அமெரிக்க எண்ணெயும் வாயுவும் இந்தியாவுக்கு வருகிறதா?
_வாசகர், சிவகாசி_

வருகிறது. 1975-இலிருந்து கச்சா எண்ணெய் ஏற்றுமதிக்கு அங்கே தடை இருந்தது, 2015 டிசம்பரில் நீக்கினார்கள். 2017 அக்டோபரில் ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்துக்கு இந்தியன் ஆயிலின் முதல் கப்பல் வந்தது. குளிர்வித்துத் திரவமாக்கிய வாயு, கெயில் நிறுவனத்தின் நீண்டகால ஒப்பந்தப்படி 2018 மார்ச்சில் மகாராஷ்டிராவின் தாபோலில் வந்து இறங்கியது. அது ஏறிவந்த இடம் லூசியானாவின் சபைன் பாஸ். அந்த முனையத்தை 2008-இல் திறந்ததே வெளிநாட்டு வாயுவை *இறக்குமதி* செய்யத்தான். எட்டே வருஷத்தில் அதே இடத்திலிருந்து ஏற்றுமதி. இந்தத் தலைகீழ் மாற்றம் ஒன்றே போதும், ஷேல் என்ன செய்தது என்று புரிந்துகொள்ள.

எண்ணெய் விலை மைனஸில் போனதாமே? விற்பவர் பணம் கொடுத்தாரா?
_வங்கி ஊழியர், கோவை_

ஆமாம். 2020 ஏப்ரல் 20, அமெரிக்க எண்ணெய் பீப்பாய் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. மே மாதம் எண்ணெய் எடுத்துக்கொள்வதாக முன்பேரத்தில் போட்ட ஒப்பந்தம் மறுநாள் முடிகிறது. அதைக் கையில் வைத்திருப்பவர் ஓக்லஹோமாவின் குஷிங் ஊரில் எண்ணெயை நேரில் வாங்கிக்கொள்ள வேண்டும். கொரோனாவால் வண்டிகள் ஓடவில்லை, தொட்டிகள் நிரம்பிக்கொண்டிருந்தன, மிச்ச இடமும் முன்பதிவாகிவிட்டது. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று பணம் கொடுத்தார்கள்.

அன்று மேற்கு டெக்சாஸின் மிட்லண்டில் வீட்டில் இருந்தேன். அதற்குப் பத்து நாள் முன்பே என் வேலை போயிருந்தது. என் குழுவில் பதினான்கு பேர், பதினொரு பேருக்கு ஒரே காலையில் போன் வந்தது. ஒரு பையனுக்கு அந்த வாரம்தான் குழந்தை பிறந்திருந்தது. ஆகஸ்டில் அமெரிக்கா முழுவதும் ஓடிய ரிக்குகள் 244. கணக்கெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு குறைவாக இருந்ததே இல்லை. ஷேலின் குணம் இது. கிணறு முதல் வருஷத்திலேயே பாதிக்கு மேல் இளைத்துவிடும். உற்பத்தி நிற்காமல் இருக்க, புதுக் கிணறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குக் கடன் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். விலை விழுந்தால் முதலில் விழுபவர்கள் கிணற்றடியில் நிற்பவர்கள். மறுபடி எழுந்தும் விட்டது: 2024-இல் நாளுக்கு 1 கோடியே 32 லட்சம் பீப்பாய். அதுவரை எந்த நாடும் எடுக்காத அளவு.

குழாயைத் திறந்தால் தண்ணீரோடு நெருப்பும் வருவதை வீடியோவில் பார்த்தேன். பூகம்பமும் வருமாமே?
_செவிலியர், வேலூர்_

இது என் தொழிலைத் தொட்ட கேள்வி. அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

சில ஊர்களில் கிணற்றுத் தண்ணீரில் இயற்கையாகவே மீத்தேன் உண்டு, ரிக் வருவதற்கு முன்பிருந்தே. அதனால் எல்லா வீடியோவையும் நம்ப வேண்டாம். ஆனால் பென்சில்வேனியாவின் டிமாக் கிராமத்தில் நடந்தது வேறு. 2009 புத்தாண்டு அன்று ஒரு வீட்டுத் தண்ணீர்க் கிணற்றின் கான்கிரீட் மூடி வெடித்துச் சிதறியது. பக்கத்தில் போட்ட எரிவாயுக் கிணறுகளிலிருந்து மீத்தேன் குடிநீருக்குள் போயிருப்பதாக மாநில அரசு கண்டது. வழக்கு இழுத்து இழுத்து 2022-இல்தான், பொதுக் குடிநீர்க் குழாய் போட ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் தர அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது. பதின்மூன்று வருஷம்! அந்த ஊரில் சில குடும்பங்கள் புட்டித் தண்ணீரில் சமைத்தன.

இதுபோன்ற கசிவு பெரும்பாலும் கீழே விரிசல் விடும் இடத்திலிருந்து ஏறி வருவதில்லை. அது இரண்டு கிலோமீட்டர் ஆழம். குழாயைச் சுற்றிய சிமென்ட் சரியில்லாவிட்டால், அந்த இடுக்கு வழியே வாயு மேலே வருகிறது. அதாவது என்னைப் போன்றவர்கள் செய்யும் வேலையில் குறை. ஒருமுறை ஒரு கிணற்றில் சிமென்ட் பிடித்திருக்கிறதா என்று ஒலியை விட்டுப் பார்த்தோம். நானூறு அடிக்கு ஒழுங்காகப் பிடிக்கவில்லை. அங்கிருந்த மேற்பார்வையாளர், ரிக் சும்மா நின்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு வாடகை தெரியுமா, கையெழுத்துப் போடு என்றார். நான் போடவில்லை. குழாயில் துளைபோட்டு மறுபடி சிமென்ட் ஏற்றினோம், இரண்டு நாள் ஆயிற்று. அதற்கப்புறம் அந்தக் கம்பெனி என்னைக் கூப்பிடவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன ஆட்களும் இருந்திருப்பார்கள் என்ற நினைப்பு இன்றைக்கும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

பூகம்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் கழிவுநீர். எண்ணெயோடு சேர்ந்து உப்புத் தண்ணீர் வரும், மேற்கு டெக்சாஸில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு மூன்று நான்கு பீப்பாய். கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு. வயலில் விட முடியாது, ஆற்றில் விட முடியாது. அதனால் ஆழத்தில் இன்னொரு கிணறு போட்டு உள்ளே தள்ளுகிறார்கள். அந்த அழுத்தம் பழைய நிலப்பிளவுகளை வழுக்கவிட்டது. ஓக்லஹோமாவில் 2008 வரை ரிக்டர் 3-க்கு மேலான நடுக்கம் வருஷத்துக்கு ஒன்றிரண்டுதான். 2015-இல் சுமார் 900. 2016 செப்டம்பர் 3, காலை ஏழு மணி. ஸ்டில்வாட்டர் ஊரில் ஒரு விடுதியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி அதிர்ந்தது, டம்ளர் உருண்டு விழுந்தது, வெளியே கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. பானி என்ற ஊர் அருகே ரிக்டர் 5.8. அன்றே சுற்றுவட்டாரத்தில் 37 கழிவுநீர்க் கிணறுகளை மூட உத்தரவு போட்டார்கள். உள்ளே தள்ளும் அளவைக் குறைத்த பிறகு நடுக்கங்களும் குறைந்தன. முன்பே குறைத்திருக்கலாம். ஊர்க்காரர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள்.

நிலக்கரியைவிட எரிவாயு சுத்தம் என்பது சரியா?
_பொறியியல் மாணவர், நெய்வேலி_

எரிக்கும்போது சரி. அதே மின்சாரத்துக்கு நிலக்கரியைவிடக் கிட்டத்தட்டப் பாதி கார்பன் டை ஆக்சைடு. 2016-இல் அமெரிக்க மின்உற்பத்தியில் வாயு நிலக்கரியை முந்தியது, புகையும் குறைந்தது. ஆனால் எரிக்காமல் கசியும் மீத்தேன், இருபது வருஷக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைப் போல எண்பது மடங்கு சூடேற்றும். கசிவை அடைக்காமல் சுத்தம் என்று பேசுவது சரியல்ல. நார்த் டகோட்டாவில் குழாய்வழி போடுவதற்குள் எண்ணெய் எடுக்க அவசரப்பட்டு, வாயுவைக் கிணற்றடியிலேயே கொளுத்தினார்கள். நடுராத்திரியில் பனி மேல் அந்த வெளிச்சத்தில் புத்தகமே படிக்கலாம். விண்வெளியிலிருந்து எடுத்த படத்தில், ஆளே இல்லாத அந்தச் சமவெளி பெரிய நகரம்போல ஒளிர்ந்தது.

காவிரிப் படுகையிலும் ஷேல் இருக்கிறதாம். நாங்கள் பயப்பட வேண்டுமா?
_விவசாயி, மன்னார்குடி_

பாறை இருக்கிறது. 2013-இல் மத்திய அரசு கொள்கை வகுத்து, பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் பழைய வயல்களில் ஷேலைத் தேட அனுமதித்தது. இந்தியாவில் எங்கேயும் அது பெரிய உற்பத்தியாக வளரவில்லை. 2017-இல் நெடுவாசலில் மக்கள் எதிர்த்தது வழக்கமான ஹைட்ரோகார்பன் திட்டத்தை, ஷேலை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2020 பிப்ரவரியில் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டு வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்திலும், கடலூர், புதுக்கோட்டையின் சில வட்டாரங்களிலும் புதிதாக எண்ணெய், வாயு, ஷேல் வாயு தேடுவதையும் எடுப்பதையும் அது தடுக்கிறது. ஏற்கெனவே ஓடும் கிணறுகளுக்குப் பொருந்தாது.

என் கருத்தைக் கேட்டால், அந்தச் சட்டம் இருக்க வேண்டும். மேற்கு டெக்சாஸில் லவிங் என்று ஒரு மாவட்டம். பரப்பளவு 1,700 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2020 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 64 பேர். ஷேல் எண்ணெய் கொட்டுகிற இடம் அது. ஒரு கிணற்றுக்கு இரண்டு கோடியிலிருந்து ஐந்து கோடி லிட்டர் தண்ணீர், ஆயிரக்கணக்கில் லாரி நடை, அப்புறம் அந்தக் கழிவுநீர். ஒரு கிணறு போதாது, நூறு நூறாகப் போட வேண்டும். 64 பேர் இருக்கும் பொட்டலிலேயே எத்தனை தொல்லை என்று கண்ணால் பார்த்தவன் நான். வாய்க்காலுக்கு வாய்க்கால் ஊர் இருக்கும் டெல்டாவில் அதற்கு இடமில்லை. நிலத்தடி வருமானத்தில் பங்கும் உங்களுக்குக் கிடையாது.

என் தம்பிக்கு மேற்கு டெக்சாஸ் எண்ணெய் வயலில் வேலை கிடைத்திருக்கிறது. எதற்கெல்லாம் கவனமாக இருக்கச் சொல்ல வேண்டும் அண்ணா?
_வாசகி, காரைக்கால்_

நல்ல வேலை அம்மா, சந்தோஷமாக அனுப்புங்கள். இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு என்று இருக்கும், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். நல்ல விலை இருக்கும் வருஷங்களில் வருகிற சம்பளத்தில் பாதியைத் தொடாமல் வைக்கச் சொல்லுங்கள், என்னைப் போல ஒரு ஏப்ரல் அவருக்கும் வரலாம். விஷவாயுவைக் காட்டும் சின்னக் கருவி ஒன்று கொடுப்பார்கள், அதைச் சட்டையின் கழுத்துப் பக்கம் மாட்ட வேண்டும், பேன்ட் பையில் போடக்கூடாது. ஆனால் அங்கே நான் இழந்த நண்பர்கள் இரண்டு பேருமே கிணற்றடியில் போகவில்லை, சாலையில் போனார்கள். பீகோஸிலிருந்து கார்ல்ஸ்பாட் போகும் 285-ஆம் எண் நெடுஞ்சாலையில் மணல் லாரியும் தண்ணீர் லாரியும் ராத்திரி பகலாக ஓடும், ஓட்டுபவர்கள் தூக்கம் கெட்டவர்கள். பன்னிரண்டு மணி நேர வேலை முடித்த கையோடு அந்தச் சாலையில் வண்டி எடுக்க வேண்டாம், முகாமிலேயே படுத்துத் தூங்கிவிட்டு விடிந்ததும் கிளம்பச் சொல்லுங்கள்.